பாயான் லெப்பாஸா, கூலிமா?
மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் இருக்கும் விமான நிலையத்தைப் பெரிதாக்குவதா, பக்கத்து மாநிலமான கெடாவின் கூலிமில் புதிதாகக் கட்டுவதா என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. என் ஆதரவு பாயான் லெப்பாஸுக்கே. ஆண்டுக்கு 6.5 மில்லியன் பேருக்கான முனையத்தில் 2019-இல் 8 மில்லியனுக்கும் மேல் பயணிகள் வந்துபோனார்கள். தீபாவளிக்குச் சொந்தங்களை அழைத்துவரப் போகிறவர்களுக்கு அந்த நெரிசல் நன்றாகவே தெரியும். விரிவாக்கத்தின் இலக்கு 12 மில்லியன். பக்கத்திலேயே தொழிற்பேட்டை இருப்பதால், மின்னணுச் சிப்புகள் சீக்கிரம் விமானம் ஏறுகின்றன. குறை என்னவென்றால் ஓடுபாதை ஒன்றுதான். சுற்றிலும் வீடுகளும் கடலும் இருக்க, இன்னொன்றுக்கு இடம் ஏது?

கூலிமில் நிலம் தாராளம். ஹைடெக் தொழிற்பூங்காவும் இருப்பதால் சரக்குக்கு வசதிதான். கெடாவிலேயே இருக்கும் சுங்கைப்பட்டாணிக்காரர்கள் தீவுக்குப் பாலம் கடக்க வேண்டாம். சரி, தீவில் இருக்கும் வயதானவர்கள்? ஒவ்வொரு பயணத்துக்கும் பாலம் தாண்டி, கெடா வரை போக வேண்டியிருக்கும்.