வெள்ளம் புகும் ஏரியாவில் வீட்டுக்கு எந்த பாலிசி?

"உங்கள் ஏரியாவுக்குத் தர மாட்டோம்" என்று எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் சென்னையில் எழுதிக் கொடுப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் எல்லாம் பார்த்தாயிற்று; நழுவுவதற்கு வேறு வழி இருக்கிறது. முகவரி வெள்ளம் தேங்கும் வேளச்சேரி, முடிச்சூர் என்றால் தரைத்தளமா, பேஸ்மென்ட் உண்டா, முன்பு க்ளெய்ம் வாங்கினீர்களா என்று கேள்வி நீளும், பிரீமியம் ஏறும். வங்கக் கடலில் புயல் சின்னம் உருவான பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். ஆகஸ்டிலேயே முடித்துவிடுவது நல்லது.

வீட்டுக்கடனோடு வங்கி தலையில் கட்டும் பாலிசிதான் பலரிடம் இருக்கிறது. அது பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டும்; க்ளெய்ம் பணத்தில் முதல் உரிமையும் வங்கிக்கே. பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் (தீக் காப்பீடு) வகை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். புயல், வெள்ளப் பிரிவை (எஸ்.டி.எஃப்.ஐ. என்பார்கள்) கழித்துவிட்டு பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ள அந்த பாலிசியில் வழி உண்டு, யாராவது கழித்திருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. இரண்டாவது, குறைமதிப்பு விதி: 40 லட்ச ரூபாய்க் கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் கணக்கு. மூன்றாவது, 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தால் காப்பு நின்றுபோகும் நிபந்தனை. அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் போகிறவர்கள் இதைப் படிக்காமல் விமானம் ஏறக்கூடாது.

இதோடு ஒப்பிட்டால் நாமே வாங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' எவ்வளவோ மேல். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த இந்தப் பொது வடிவம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புயலும் வெள்ளமும் உள்ளேயே இருக்கின்றன. குறைமதிப்பு வெட்டு இல்லை. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருளுக்குத் தானாகவே சேரும்.

தொகை போடும்போது ஃப்ளாட்டின் விலையைப் போடாதீர்கள். மண்ணுக்குக் காப்பீடு கிடையாது. கார்பெட் ஏரியாவைக் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 900 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம், பொருளுக்கு 4.5 லட்சம் சேரும். தரைத்தளத்தில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மர அலமாரி, மெத்தை, இன்வெர்ட்டர் எல்லாம் ஒரே நாளில் போகும் என்பதால், இது போதாது என்று தோன்றினால் பட்டியல் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம்.

அசோசியேஷன் எடுக்கும் பாலிசி லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டர், ஈ.பி. பேனல் போன்ற பொதுச் சொத்துக்கு. உங்கள் சோபா அதில் இல்லை. பேஸ்மென்ட் உள்ள குடியிருப்பில் இது இல்லாமல் சரிப்படாது. மூன்றாம் மாடிக்காரருக்கு இதோடு சிறிய பொருள் பாலிசி போதும். கார் எதிலும் சேராது. அதற்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசியும் எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆனும் வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினைக் கெடுத்தால் அந்த ஆட்-ஆன் இல்லாதவருக்கு அந்தச் செலவு கிடைக்காது.

பிரீமியத்தை மிச்சம் பிடித்து வீட்டிலேயே செலவழிப்போம் என்கிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது, தரைத்தளத்துக்கு இரண்டும் தேவை என்றாலும். மழைநீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறை வழியாகச் சாக்கடை பொங்கும். கழிவு நீர்க் குழாயில், நீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் அது நிற்கும். மீட்டர் போர்டையும் பிளக் பாயிண்டுகளையும் பழைய வெள்ளக் கோட்டுக்கு மேல் ஏற்றுங்கள், சம்ப் மூடிக்கு ரப்பர் வையுங்கள்.

க்ளெய்ம் பெரும்பாலும் சறுக்குவது "கசிவு" என்ற வார்த்தையில். கூரை விரிசல் வழியாக இறங்கிய நீரைப் பராமரிப்புக் குறை என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒதுக்கிவிடலாம். தண்ணீர் வடிந்ததும் சுவரைக் கழுவிவிடாதீர்கள். அந்தச் சேற்றுக் கோட்டை, பக்கத்தில் அளவு டேப் வைத்து, வாசலும் தெரியும்படி படம் எடுங்கள். ஃப்ரிட்ஜின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்ணும் தெரிய வேண்டும். கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்துவிட்டு, சர்வேயர் பார்க்கும் வரை எதையும் காயலான் கடைக்குத் தள்ளாதீர்கள். மெத்தை நாறினால் மாடிக்கு ஏற்றுங்கள்.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் உண்டு. 50 லட்சம் வரையிலான வழக்கை எடுப்பார்கள், கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. உங்கள் புகாரைக் கம்பெனி மறுத்த கடிதம் கிடைத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அதனால் ஃபோனில் "ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்" என்று சொன்னால் அதோடு விடாமல், காரணத்தோடு மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.