இந்தியாவுக்குக் காசு அனுப்ப பார்ட்னர் தேடுற கடைக்காரர் கவனம் – என்ர 38,000 டொலர் போன விதம்

38,000 டொலர். கனேடிய டொலர். இனி வராது எண்டு லோயரே சொல்லிப்போட்டார். ஆத்திரத்தில எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. கனடாவில ஸ்காபரோவிலயோ மார்க்கம் நகரத்திலயோ என்னைப்போல சின்னதாக் காசு அனுப்புற கடை வைச்சிருக்கிறவை, புதுசா ஒரு நாட்டுக்கு லைன் திறக்க யோசிக்கிறவை கட்டாயம் வாசியுங்கோ. பெயர் ஒண்டும் போடேல்லை, போடவேண்டாம் எண்டதும் லோயர்தான்.

எங்கட கடை ஃபின்ட்ராக்கில (கள்ளக் காசு ஓடுதோ எண்டு பார்க்கிற கனேடிய அரசாங்க அமைப்பு) பதிஞ்ச கடை. இலங்கைக்கு அனுப்புறதில ஒரு குறையும் இல்லை. ஆனால் இப்ப வாற சனம் இந்தியாவுக்கும் கேக்குது. வளசரவாக்கத்தில, திருச்சியில இருக்கிற எங்கட சொந்தங்களுக்கு அனுப்பவேணும், இஞ்ச படிக்க வந்த தமிழ்நாட்டுப் பிள்ளையள் ஊரில கடன் கட்டவேணும். "இந்தியா இல்லை" எண்டு சொன்னால் அடுத்த கடைக்குப் போகினம், பிறகு இலங்கைக் காசையும் அங்கதான் குடுக்கினம்.

இந்தியாவுக்குள்ள நேர போறது எங்களால ஏலாது. இந்திய ரிசர்வ் வங்கியின்ர எம்டிஎஸ்எஸ் திட்டத்தில (வெளிநாட்டில இருந்து இந்தியாவில உள்ள ஆக்களுக்குக் காசு அனுப்புற திட்டம்) வெளிநாட்டுக் கொம்பனி தானே அனுமதி எடுக்கிறதெண்டால் குறைஞ்சது 10 லட்சம் அமெரிக்க டொலர் சொத்து மதிப்புக் காட்டவேணும். ஒருக்கா 2,500 அமெரிக்க டொலருக்கு மேல அனுப்பேலாது, வாங்கிற ஆளுக்கு வருசத்தில 30 தரம்தான். வீட்டுச் செலவுக்குப் போகலாம். காணிக்கும் யாவாரத்துக்கும் நன்கொடைக்கும் போகேலாது. (கோயில் திருப்பணிக்கு அனுப்ப வாற ஐயாமாருக்கு இதை விளங்கப்படுத்திறதே தனி உத்தியோகம்.) அப்ப சின்னக் கடைக்கு உள்ள வழி, அனுமதி உள்ள பெரிய கொம்பனிக்குக் கீழ போறது. அதுக்குத்தான் பார்ட்னர் தேடினன்.

காசு அனுப்புற கொம்பனியளையும் அங்க காசு குடுக்கிற கொம்பனியளையும் கலியாணத் தரகர் மாதிரிச் சேர்த்துவைக்கிற ஒரு இணையத்தளம் இருக்கு. சந்தா கட்டிச் சேர்ந்தன். அதில பச்சைச் சரி அடையாளத்தோட, "சரிபார்க்கப்பட்டது" எண்டு போட்டு, ஒரு சென்னைக் கொம்பனி.

பச்சை அடையாளத்தை மட்டும் பார்த்துக் காசு போட்டன் எண்டு நினைக்காதேங்கோ. ஒரு கலியாணத்துக்குச் சென்னை போன இடத்தில நேர போய்ப் பார்த்தன். நுங்கம்பாக்கத்தில ஒரு மாடி, பெயர்ப்பலகை, ஏசி, ஃபில்டர் காபி. சுவரில ரிசர்வ் வங்கிச் சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்துக்குள்ள. பெயரை ரிசர்வ் வங்கித் தளத்தில போட்டுப் பார்த்தன், இருந்தது. சான்றிதழ் உண்மைதான்! ஆனால் அது வெளிநாட்டு நோட்டு மாத்திற கடைக்கான உரிமம். அந்த உரிமம் இருக்கிறவையும் எம்டிஎஸ்எஸ் ஏஜென்ட் (வெளிநாட்டுக் கொம்பனிக்காக இந்தியாவில காசு குடுக்கிறவை) ஆகலாம், அதுக்கு வேற அனுமதி வேணும். கேட்டன். "அதுவும் இருக்கு சார், ஃபைல் ஆடிட்டர்கிட்ட இருக்கு, நாளைக்கே மெயில் பண்ணிடுறேன்" எண்டார் டைரக்டர். சொன்னபடி வந்தது, முத்திரையோட. அதுதான் கள்ளக் கடிதம்.

பிறகு அந்த மனுசன் என்ர கையைப் பிடிச்சார். இலங்கையில நடந்த 83 கலவரத்தைப் பற்றிக் கதைச்சார். தன்ர அப்பா மண்டபம் அகதி முகாமுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்க் குடுத்தவராம். "நீங்க பட்ட கஷ்டத்துக்கு உங்ககிட்ட லாபம் பார்க்க மாட்டேன் சார்" எண்டார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு. 38,000 டொலரை விட இந்த அரிசி மூட்டைதான் இப்பவும் வயித்தைப் பத்தவைக்குது.

சோதனைக்கு நூறு நூறு டொலரா அனுப்பினம், திருச்சியில அக்காவின்ர கணக்கில உடன விழுந்தது. அடுத்தது முற்பணம். இது எங்கட தொழிலில வழமை, முன்கூட்டிப் போட்டுவைச்சால் ஒவ்வொரு அனுப்பலுக்கும் அதில கழியும். 38,000 டொலர் கேட்டினம். இன்வொய்ஸ் வந்தது துபாய்க் கொம்பனி ஒண்டின்ர பெயரில. "எங்க ட்ரெஷரி துபாய்ல சார், எல்லாருமே அப்படித்தான் பண்றாங்க." அனுப்பினன்.

கொஞ்சக் காலம் ஒழுங்காப் போச்சு. பொங்கலோட நிண்டுது. "பொங்கல் லீவு சார், பேங்க் மூடியிருக்கு." நெஃப்ட் (இந்திய வங்கியளுக்கிடையில காசு மாத்திற முறை) 2019 டிசம்பரில இருந்து 24 மணித்தியாலமும், லீவு நாளிலயும் ஓடுது எண்டு சொன்னன். "சர்வர் மாத்துறோம் சார்." பிறகு, "கம்ப்ளையன்ஸ்ல மாட்டியிருக்கு, கஸ்டமரோட வருமான ஆதாரம் அனுப்புங்க." தாய்க்கு 300 டொலர் அனுப்பின பிள்ளையின்ர சம்பளத் துண்டை நான் கெஞ்சி வாங்கி அனுப்பினன்! காசு போட்டாச்சு எண்டு யூடிஆர் இலக்கங்கள் (ஒவ்வொரு அனுப்பலுக்கும் வங்கி குடுக்கிற அடையாள இலக்கம்) தந்தினம். நெஃப்ட் இலக்கம் 16 எழுத்து இருக்கும், இவை தந்தது அதைவிடக் குறைவு. திருச்சியில வங்கியில கேட்டால் அப்பிடி ஒண்டே இல்லை. அதோட டைரக்டர் போன் எடுக்கிறதை விட்டார். வாட்ஸ்அப்பில நீலக் கோடு மட்டும் விழும்.

அதுக்குமேல ஒண்டு நடந்தது. எங்கட வாடிக்கையாளர் ஒருத்தரின்ர அம்மா, வயசு போனவ, அவவின்ர கணக்கைச் சைபர் கிரைம் பொலிஸ் முடக்கிப்போட்டினம். ஏனெண்டால் முதல் ஒழுங்கா விழுந்த காசெல்லாம் கொம்பனிக் கணக்கில இருந்து வரேல்லை, ஆரோ ஒருத்தரின்ர சேமிப்புக் கணக்கில இருந்து வந்திருக்கு. இணைய மோசடிக் காசு ஓடின கணக்காம். என்ர டொலர் துபாயில நிக்க, அங்க ஆரின்ரயோ களவுக் காசைப் பிரிச்சுக் குடுத்திருக்கினம். "உண்டியல் இல்லை, முறையான வழி" எண்டு கடை வாசலில எழுதி வைச்சவன் நான் (உண்டியல் எண்டால் வங்கியில்லாமல் கள்ள வழியால காசு அனுப்புறது). என்ர கடைக்கால போனது உண்டியலை விடக் கேவலம்.

வராத காசெல்லாம் சனத்துக்கு என்ர கையால திருப்பிக் குடுத்தன். அது இந்த 38,000 டொலருக்கு வெளியால.

இணையத்தளக்காரரைக் கேட்டன். தாங்கள் அறிமுகம் மட்டும்தானாம். பச்சை அடையாளம் எண்டால் மின்னஞ்சலும் போன் இலக்கமும் சரிபார்த்தது எண்டு அர்த்தமாம்! அடுத்த கிழமை சந்தா புதுப்பிக்கச் சொல்லி பில் அனுப்பினம். இஞ்சத்த வங்கி காசைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தது, அந்தப் பக்கம் சம்மதிக்கேல்லையாம். கனடாவின்ர மோசடி முறைப்பாட்டு நிலையம் கோப்பு இலக்கம் ஒண்டு தந்தது. ஒப்பந்தப்படி வழக்கெண்டால் துபாயில, அதுக்கு ஆகிற செலவு 38,000 டொலரைத் தாண்டும். 2025 செப்டம்பர் 8 இல இருந்து பாங்க் ஒஃப் கனடாவும் எங்களை மேற்பார்வை செய்யுது, அவைக்கு என்ன எழுதிறது எண்டு இன்னும் யோசிக்கேல்லை.

என்னென்ன பார்க்கவேணும் எண்டு விரிவா எழுதத்தான் இருந்தன், தலை ஓடுதில்லை. ரிசர்வ் வங்கித் தளத்தில அனுமதி பெற்ற வெளிநாட்டுக் கொம்பனியளின்ர பட்டியல் இருக்கு. ஆருக்குக் கீழ போறியள் எண்டு கேட்டு, அந்தக் கொம்பனிக்கு நீங்களே போன் அடிச்சு, சென்னையில இருக்கிறவர் அவையின்ர ஏஜென்டோ எண்டு கேளுங்கோ. ஒப்பந்தம் ஒரு பெயரில, இன்வொய்ஸ் இன்னொரு நாட்டில வேற பெயரில எண்டால் ஒரு சதமும் போடாதேங்கோ. எம்டிஎஸ்எஸ்இல வெளிநாட்டுக் கொம்பனி வைக்கிற பிணைப்பணம் எண்டதே இந்தியாவில உள்ள வங்கியிலதான் நிக்கவேணும். சோதனைக் காசு விழுந்தால் தொகையைப் பார்த்துச் சந்தோசப்படாமல், பாஸ்புக்கில அனுப்பினவர் பெயர் என்ன எண்டு பாருங்கோ.

இதே துபாய் இன்வொய்ஸ் உங்களுக்கும் வந்திருந்தால் உள்பெட்டிக்கு எழுதுங்கோ, சேர்ந்து முறைப்பாடு குடுப்பம். காலமை கடை திறக்கவேணும், மிச்சம் பிறகு.