பழைய லேப்டாப்புக்கு சாம்சங் 870 ஈவோ எஸ்எஸ்டி: எப்போது போதும், எப்போது புதிது வாங்க வேண்டும்

ஹார்ட் டிஸ்க்கோடு வந்த பழைய லேப்டாப் இழுத்துக்கொண்டு கிடந்தால், அதற்குச் செய்ய வேண்டிய முதல் செலவு ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க். 2.5 அங்குல சாட்டா (பழைய லேப்டாப்களில் டிஸ்க்கை இணைக்கும் முறை) வகையில் நம்பி வாங்கக்கூடியது சாம்சங் 870 ஈவோ. 2021இல் வந்த பொருள்தான், ஆனாலும் சாட்டா இணைப்பால் தர முடிந்த வேகத்தை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிடுகிறது: படிக்க வினாடிக்கு 560 மெகாபைட், எழுத 530. இதைவிட அதிக வேகத்தைச் சாட்டாவில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மந்தத்துக்குக் காரணம் டிஸ்க்தானா என்று பார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

பார்ப்பது எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டு, பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். சிபியு சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. வழக்கமான வேலையின்போது மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் போதவில்லை. பலரும் கவனிக்காத மூன்றாவது ஒன்று உண்டு. வேலை கொடுத்தும் சிபியு வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாமல் நின்றால், டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. விசிறியில் தூசி அடைத்துச் சூடேறுகிறது, அல்லது சார்ஜரை லேப்டாப் சரியாக அடையாளம் காணவில்லை. தூசியை ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

சுத்தம் செய்வதில் உண்மையாகவே பலன் தருவது கொஞ்சம்தான். ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் சோதிப்பதால் ஹார்ட் டிஸ்க் திணறிப்போகும். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களைக் குறையுங்கள். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் டெம்பரரி ஃபைல்களை அழிக்கலாம், ஆனால் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் இருக்கும். அதில் டிக் விழுந்திருந்தால் சேமித்து வைத்த பைல்கள் எல்லாம் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர்கள் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் சில பழைய வரிகள் கிடப்பதால் எந்த லேப்டாப்பும் மெதுவாவதில்லை. தவறான வரியை அழித்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம்.

இப்போது எஸ்எஸ்டி. பெட்டியில் போட்டிருக்கும் 560 என்ற எண்ணைவிட முக்கியமானது, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும் வேகம். 5400 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கில் முள் ஒவ்வொரு முறையும் நகர்ந்து இடம் தேடப் பத்து மில்லிவினாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் அது 0.1 மில்லிவினாடிக்கும் கீழ். விண்டோஸ் திறப்பதும் பிரவுசர் எழுவதும் இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் தேடல்கள்தான். அதனால்தான் சாட்டாவின் முந்தைய பதிப்பான சாட்டா 2 மட்டுமே உள்ள பழைய லேப்டாப்பில், உச்ச வேகம் பாதியாகக் குறைந்தாலும், வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது.

500 ஜிபி வாங்குங்கள். 250 ஜிபி சீக்கிரம் நிறையும், பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து எழுதும்போது வேகமும் குறையும். உத்தரவாதம் ஐந்து ஆண்டு அல்லது 300 டெராபைட் எழுதும் வரை. வீட்டு உபயோகத்தில் அந்த அளவை எட்டுவது கடினம். பெயர் ஒத்திருக்கிறதே என்று 870 க்யூவோவை எடுத்துவிடாதீர்கள். அது க்யூஎல்சி வகை, அதாவது ஒரே செல்லில் நான்கு பிட் அடைப்பதால் எழுதுவதில் மெதுவானது. பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிறைந்ததும் 1 டெராபைட் மாடலின் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும்.

870 ஈவோவின் பெரிய குறை, பெட்டியில் எஸ்எஸ்டி மட்டும்தான் இருக்கும். பழைய டிஸ்க்கில் உள்ளதை மாற்ற யுஎஸ்பி–சாட்டா கேபிள் தனியாக வாங்க வேண்டும். குளோன் செய்வதற்கு (டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பதற்கு) முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். கெட்டுப்போன பகுதிகளைக் காட்டும் 05, சி5, சி6 என்ற வரிகளின் ரா வேல்யூ பத்தியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் குளோன் பாதியில் நிற்க வாய்ப்பு அதிகம். முதலில் போட்டோ, ஆவணங்களைக் காப்பி எடுத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் அதே பதிப்பைப் போட்டால் தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரை நிறுத்தி வைத்துவிட்டு, ரெகவரி கீயையும் வேறிடத்தில் குறித்துக்கொண்டு, சாம்சங் டேட்டா மைக்ரேஷனில் குளோன் செய்யலாம். பிறகு ஷட் டவுன், சார்ஜரைக் கழற்றல், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேட்டரி கனெக்டரைப் பிரித்தல். ஹார்ட் டிஸ்க்கை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் கனெக்டர் உடையாது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி ஆடும். அதன் சட்டத்திலேயே திருகிப் பொருத்துங்கள். சட்டம் இல்லாவிட்டால் ஸ்பேசர் ஒட்டுங்கள். இல்லையென்றால் தொடர்பு விட்டு விட்டு, டிஸ்க் திடீரெனக் காணாமல் போகும்.

ரேம் 4 ஜிபிதான் என்றால் எஸ்எஸ்டியோடு இன்னொரு 4 ஜிபியும் சேர்க்க வேண்டும். 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம் கேட்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 போட்டால் பல மாடல்கள் ஆனே ஆகாது.

எஸ்எஸ்டியால் தீராத ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை சிபியுவாவது இருக்க வேண்டும். அதற்கு முந்தைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சம்மதம் என்றால் 870 ஈவோ நல்ல முதலீடு. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அந்தப் பணத்தைப் புதியதில் போடுவதே சரி.

புதியதில் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு ஏமாறும் இடம் ஸ்டோரேஜ். 64 ஜிபி இஎம்எம்சி (போர்டோடு ஒட்டிய மெதுவான ஸ்டோரேஜ்) என்றால் தொடாதீர்கள். பெரிய அப்டேட்டுக்கே இடம் பற்றாது, மாற்றவும் முடியாது. எம்.2 என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) என்று எழுதியிருக்க வேண்டும். ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம். போர்டோடு ஒட்டிய ரேம் என்றால் 16 வாங்குங்கள், பிறகு கூட்ட வழியில்லை.

சிபியு பெயரில் கவனம் தேவை. ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் ஜென் 2, ஜென் 3 என்ற கட்டமைப்புத் தலைமுறையைச் சொல்கிறது. ரைசன் 5 7520யு பழைய ஜென் 2, நான்கு கோர். 7530யு ஜென் 3, ஆறு கோர். இரண்டிலும் ரைசன் 5 ஸ்டிக்கர்தான் இருக்கும். இன்டெல் என்100 பிரவுசர், வேர்டு, வீடியோ பார்க்கப் போதும். அதற்கு மேல் வேலை இருந்தால் கோர் ஐ3 1215யுவிலிருந்து பாருங்கள். திரை 1920 x 1080, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். டிஎன் திரையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும்.

அதே பணத்தில் புதுப்பித்து விற்கும் அலுவலக லேப்டாப்பும் நல்ல தேர்வு. திங்க்பேட் டி480இல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிபியு, ரேமுக்கு இரண்டு ஸ்லாட், கழற்றக்கூடிய பின் பேட்டரி எல்லாம் உண்டு, கீபோர்டும் அருமை. காசு கொடுக்கும் முன் விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியோடு ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியை ஒப்பிடுங்கள்; 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள். பிறகு ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். அங்கே சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டு, விற்பவருக்கும் அது தெரியாது என்றால் வாங்காதீர்கள்.