டைமருடன் வரும் எல்இடி செடி விளக்கு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

வடக்குப் பார்த்த எங்கள் சென்னை அடுக்குமாடி வீட்டில் வெயில் விழும் சன்னலே இல்லாததால், உள்ளே கீரை வளர்ப்பதற்காக 40 வாட் எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி நான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வெளிச்சத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. வெள்ளை ஒளி என்பதால் இலையில் மஞ்சளோ பூச்சியோ தெரிந்தால் உடனே கண்ணில் படுகிறது. ஊதா நிற விளக்குகளின் கீழ் இது கடினம்.

டைமரில் 6, 12, 16 மணி நேரம் என மூன்று நிலைகள் உள்ளன. கையேடு எல்லாக் கீரைகளுக்கும் 16 மணி நேரத்தையே பரிந்துரைக்கிறது. லெட்டூஸுக்கு இது சரிதான். பெட்டியில் குறித்துள்ளபடி 30 செ.மீ. தொலைவில் சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் (செடி பயன்படுத்தும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு; பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்) ஒளி விழுந்தால், 16 மணி நேரத்தில் 11.5 மோலும் 12 மணி நேரத்தில் 8.6 மோலும் சேரும். லெட்டூஸ் வளர்ப்போர் நாளொன்றுக்கு 12 முதல் 17 மோல் வரை கொடுக்க முயல்வதால், நீண்ட நேரம் எரியவிட்டால்தான் இந்த விளக்கு அந்த அளவை நெருங்கும்.

ஆனால் கொத்தமல்லிக்கு வெளிச்சம் உணவு மட்டுமன்று, பருவத்தைச் சொல்லும் அடையாளமும்கூட. பகல் நீண்டால் அது பூக்க விரைகிறது. 16 மணி நேரத்தில் வைத்த தொட்டியில் ஆறாம் வாரமே பூத்தண்டு எழுந்து இலைகள் நூலாக மெலிந்துவிட்டன. 12 மணி நேரத்துக்கு மாற்றி விதைத்த அடுத்த தொட்டியில் இலைகளை இருமுறை கிள்ள முடிந்தது. தண்டுக்கீரை, சிறுகீரை வகைகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாகப் பகல் குறுகும்போது பூப்பவை என்பதால், அவற்றை 16 மணி நேரத்திலேயே வைத்திருக்கிறேன். கடும் வெயிலை விரும்பும் அந்தக் கீரைகளுக்கு 40 வாட் போதாது. தண்டு மெலிந்தே வந்தது. கீரைக்காக மட்டும் வாங்குவோர் இதைவிட வலுவான விளக்கைத் தேடுவது நல்லது.

என் உண்மையான வருத்தம் வேறு. கரண்ட் போய் வந்தால் இந்த டைமர் வைத்த நேரத்தை மறந்து, விளக்கை அணைக்காமலே எரியவிடுகிறது. நாங்கள் ஊருக்குப் போயிருந்த பத்து நாட்களும் லெட்டூஸ் இரவே இல்லாமல் நின்றிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோது உள்ளிலைகளின் ஓரங்கள் பழுப்பாகக் கருகியிருந்தன. இது சுண்ணாம்புச் சத்து எட்டாத நுனிக்கருகல். பகலில் நீர் அதிகம் ஆவியாகும் வெளியிலைகளுக்கே அந்தச் சத்து போகிறது; இருளில், வேரின் அழுத்தம் நீரை மேலே தள்ளும்போதுதான் மூடிய குருத்துக்கும் ஓரளவு போய்ச் சேர்கிறது. மின்வெட்டு வழக்கமான ஊரில் விற்கும் பொருளுக்கு நினைவு வைத்துக்கொள்ளும் ஒரு சிறு பேட்டரி கொடுக்காததை என்னால் ஏற்க முடியவில்லை. விற்பனையாளருக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை.

இப்போது பேட்டரியுடன் கூடிய தனி டிஜிட்டல் டைமரைச் சுவர் பிளக்கில் பொருத்தி, அதன் வழியாக விளக்கை இயக்குகிறேன். கொத்தமல்லிக்கு 12 மணி நேரத்தில் வேறொரு சிறு விளக்கு வைத்துவிட்டேன். 16 மணி நேரம் எரிந்தால் பெரிய விளக்குக்கு நாளொன்றுக்கு 0.64 யூனிட், மாதம் ஏறத்தாழ 19 யூனிட் ஆகிறது. தனி டைமரின் விலையையும் சேர்த்துப் பார்த்து வாங்குங்கள்.