உறுமி மேளத்தைப் பதிவு செய்ய: இன்டர்ஃபேஸா, மிக்சரா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஓர் உறுமி மேளக் குழுவைக் கணினியில் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் மிக்சர் இருந்தால் வசதிதான். கோயில் திருவிழா மேடைக்கும் அதையே தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பெட்டியில் யூஎஸ்பி என்று போட்டிருப்பதை நம்பி மட்டும் வாங்கிவிடாதீர்கள். யமாஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்றவற்றில் எத்தனை மைக் செருகினாலும் கணினிக்குப் போவது கலந்துவிட்ட 2 தடங்கள்தான். உறுமி பாடகரை அமுக்கிவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே மாதிரி, ஒவ்வொரு மைக்கையும் தனித்தடமாக அனுப்பும் மிக்சர்களும் உண்டு, விலை கூடும்.

இன்டர்ஃபேஸ் என்பது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, அதன் வேலையே தனித்தடம்தான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20-இல் 8 மைக் செருகலாம். பதிவு முடிந்தபின் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் உறுமியைக் குறைத்துப் பாட்டை ஏற்றலாம். அப்புறம், 18 என்றதும் 18 மைக் என்று நினைக்க வேண்டாம். மீதி 10-உம் வேறு கருவிகளை இணைக்கும் ஏடாட், எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் வழிகள். பாடகரின் ஹெட்போனில் உறுமியைக் குறைத்துக் குரலை ஏற்றுவது போலக் கலவையை மாற்றக்கூட மென்பொருளைத் திறக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டறையில் தனியாகப் பாடி, கீபோர்டு வாசித்துச் சேர்ப்பவருக்கு 2 மைக் இன்டர்ஃபேஸே போதும், மிக்சர் வீண் செலவு. மேடையும் பதிவும் மாறி மாறி வரும் குழுவென்றால் தனித்தடமாக அனுப்பும் மல்டிடிராக் மிக்சருக்கே காசைப் போடுங்கள்.