மார்கழி மழையில் திருகோணமலை: வான் பிடித்துச் சுற்றுவதா, வீட்டில் நிற்பதா?

பன்னிரண்டு நாளுக்கு டிரைவரோடு வாடகை வான் பேசிவிட்டுத்தான் விமானம் ஏறினோம். ஓடியது நாலு நாள். மிச்ச நாளெல்லாம் பாலையூற்றில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்தோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் காசையும் நாளையும் வேறு மாதிரிப் பிரித்திருக்கலாம் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. டிசம்பர் லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் எங்களுக்கு டிசம்பர் லீவு என்றாலே கார்ப் பயணம்தான். மொன்றியலில் என் கணவரின் அக்கா வீடு, ஏறக்குறைய 540 கிலோமீற்றர். புறப்படுவதா வீட்டில் நிற்பதா என்பதை 401ஆம் நெடுஞ்சாலையில் விழுகிற பனிதான் தீர்மானிக்கும். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். எங்களுடையது ஒன்ராறியோ கார், அந்தச் சட்டம் இல்லை. என்றாலும் டயர் மாற்றாமல் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற நாங்கள், ஊர்ப் பயணத்துக்கு மட்டும் குரல் செய்தியிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்தோம். முதல் பிழை அதுதான்.

இரண்டாவது பிழை, மழையைக் கணக்கில் எடுக்காதது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா, நிலாவெளி, புறாத்தீவு என்று மகள் படமே கீறி வைத்திருந்தாள். திருகோணமலைக்கு வருடத்தின் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கடல் கறுத்துப்போய்க் கிடக்கும். நிலாவெளியும் புறாத்தீவும் மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கான இடங்கள். கனடாவில் பள்ளிக்கூடம் விடுகிற அந்த இரண்டு கிழமையும் எங்கள் கடற்கரைக்குச் சரியான மழைக்காலம்.

2023 டிசம்பர் 16 விடியப்புறம் கட்டுநாயக்காவில் இறங்கினோம். அந்த நேரத்து விமானத்தை வேண்டுமென்றேதான் எடுத்தோம், அது ஒன்று சரியாக அமைந்தது. ஹபரணையைத் தாண்டினால் கந்தளாய் வரைக்கும் யானை ரோட்டுக்கு வருகிற இடங்கள். அதை இருட்டில் கடக்கக்கூடாது. பகலில் போனதால், ரோட்டோரம் நின்ற ஒற்றை யானையைத் தூரத்திலேயே கண்டு வானை நிறுத்த முடிந்தது. பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீரிகமவில் இருந்து குருநாகல் பக்கம் 2022 ஜனவரியில் திறந்த அதிவேக வீதியில் ஏறினால், முன்பு அம்பேபுசையிலும் குருநாகல் நகரத்திலும் நின்று நின்று போன நேரம் மிச்சம். அப்புறம் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். குளக்கட்டுக்குக் கிட்ட எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு வாங்கிக்கொண்டு, தம்பலகாமத்து வயல்களைப் பார்த்தபடி மத்தியானம் வீடு வந்தோம்.

குறை வானில்தான். படத்தில் காட்டியது ஒன்று, வந்தது இன்னொன்று. பின்சீட்டில் இரண்டு பெல்ட் இல்லை, ஒன்று பூட்டுப்படவில்லை. "பின்னுக்கு பெல்ட் தேவையில்லை அக்கா, ஒருத்தரும் கேக்கிறதில்லை" என்றார் டிரைவர். பாவம், முந்தின நாள் முழுக்கக் காலியிலிருந்து ஓடி வந்தவர், இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை கொண்டிருக்கிறார். தம்புள்ளையில் அவரை ஒரு மணித்தியாலம் படுக்க வைத்து, பிளேன்டீ குடிக்கவைத்துத்தான் புறப்பட்டோம். அவரில் எனக்குக் கோபம் இல்லை. நித்திரையில்லாத மனிதனைக் குழந்தைகள் இருக்கிற வாகனத்துக்கு அனுப்பிய நிறுவனத்தில்தான் கோபம். மூன்றாம் நாள் அந்த ஏற்பாட்டை நிறுத்தினேன். முன்பணம் 40,000 ரூபா திரும்பி வரவில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை.

ஆகவே, வான் பேசும்போது இவற்றை எழுதி வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் அடக்கம், மேலே போனால் கிலோமீற்றருக்கு எவ்வளவு, எண்ணெய் யாருடையது, டிரைவரின் படுக்கையும் சாப்பாடும் யார் பொறுப்பு. எத்தனை சீட்டோ அத்தனை பெல்ட் இருக்கிற படம் கேளுங்கள். எங்களுக்குச் சொன்ன நாள் வாடகையில் 100 கிலோமீற்றர்தான் அடக்கம் என்பது ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ போய் வர அது காணவே காணாது. அந்த வருடம் நத்தார் திங்கட்கிழமை, அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. சனி ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள் தொடர் லீவு. அந்த நாலு நாளுக்கும் நுவரெலியாவில் அறைக்குச் சொன்ன விலையைக் கேட்டதோடு அந்தத் திட்டத்தையும் விட்டோம்.

பிறகு பக்கத்து வீட்டு மாமி வேறொரு டிரைவரைப் பிடித்துத் தந்தார். கிண்ணியாக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், சொந்த வான். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்றே கூப்பிட்டோம். முதலில் அவரோடு மட்டக்களப்புக்குக் கிளம்பினோம். கிண்ணியாப் பாலத்தில் மகன் இறங்கிப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தான். 2009இல் திறந்தது, 396 மீற்றர் நீளம். அதற்கு முன் நாங்கள் பாதையில் ஏறிக் கடந்ததை அவனுக்கு விளக்க, 'பாதை' என்றால் ரோடு இல்லையா என்று கேட்டான். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகிற மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர் என்று சொல்லிக்கொடுத்தேன். மூதூரில் நிறுத்தி நானா இரண்டு பேருக்கு போன் எடுத்தார். "வெருகல் பக்கம் தண்ணி ரோட்டுக்கு மேல ஏறிட்டாம் தங்கச்சி. போனாப் போகலாம், திரும்பி வாறது பிரச்சினை." மகாவலி பெருகினால் வெருகல் தாழ்ந்த இடம், தாங்காது. திரும்பினோம். முழுநாள் காசை நீட்டினேன், அரைநாளுக்கு மட்டும் எடுத்தார். சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிற பத்துப் பேரைவிட, போகவேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் போதும்.

அவரோடு போன அடுத்த பயணம் வவுனியா. ஹொரவப்பொத்தானை வழியாக, அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே இருக்கிற மாமிக்கு 84 வயது. இரண்டு பேரும் ஆறு வருடமாக நேரில் பார்க்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்குப் பஸ் ஏற முடியாது, ரயிலுக்கு நேர்வழி இல்லை. வானுக்குக் கொடுத்த காசில் எனக்கு நிறைந்தது இந்த ஒரு நாள்தான். பயணம் முழுக்கத் தலையணை முதுகுக்கு, கால் நீட்ட ஒரு சீட்டு என்று நானாவே பார்த்துப் பார்த்துச் செய்தார்.

யாழ்ப்பாணத்துக்கும் போகலாம் என்று தொடங்கியபோது அம்மா கேட்டார்: "நீ என்னைப் பாக்க வந்தனியோ, ரோட்டைப் பாக்க வந்தனியோ?" அதற்குப் பிறகு நான் வான் பற்றிப் பேசவில்லை.

சரி, வீட்டில் நின்றால் என்ன செய்வது? செய்யவேண்டியவை வரிசையில் நின்றன. ஓடு ஒழுகியது. மழை விட்ட அன்று ஓடு மாற்ற ஆள் வந்தார், அரை நாளில் முடித்தார். கரண்ட் போகிற நேரத்துக்கு இரண்டு விளக்கு மாட்டினோம். குளியலறைச் சுவரில் அம்மா பிடித்து எழும்பக் கம்பி பூட்டினோம். கனடாவில் இருந்து காசு அனுப்பி இதைச் செய்விக்க இரண்டு வருடம் முயன்றிருக்கிறேன், நடக்கவில்லை. வீட்டில் ஒருவர் நின்று பார்த்தால் மூன்று நாள் வேலை. மீன் மட்டும் விலைதான், கடலுக்குப் போகிறவர்கள் குறைவு. காலையில் பாண் ஓட்டோ வாசலுக்கு வரும், பிள்ளைகள் மழைக்கோட்டோடு ஓடுவார்கள்.

ஊருக்குள் போக எங்கள் ஒழுங்கைத் தம்பியின் ஓட்டோ போதும். அரை நாளுக்கு இவ்வளவு என்று முதலே பேசிவிடுவது நல்லது. மழை ஓய்ந்த ஒரு காலை கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. குளிர்ந்த மழைக்காற்றில் அந்தத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றும் சுகம் கோடைக்காலத்தில் கிடைக்காது. 2022இல் வந்தபோது பெற்றோலுக்கு வரிசையும், அளந்து கொடுக்கிறதுக்குக் கியூஆர் அட்டையும். இந்த முறை அந்தக் கட்டுப்பாடு எடுபட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஓட்டோத் தம்பி அதைச் சொல்லிச் சொல்லி நிம்மதிப்பட்டார்.

18ஆம் திகதி திருவெம்பா தொடங்கியது. விடியப்புறம் சங்குச் சத்தம் கேட்டு மகள் தானாக எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். கடைசி நாள், 27ஆம் திகதி, ஓட்டோவில் கோணேசர் கோயிலுக்கு. கோட்டை வாசல் தாண்டியதும் மழையில் நனைந்த மான்கள் மரத்தடியில் ஒதுங்கி நின்றன. சம்பந்தர் பாடிய கோணமாமலை இதுதான் என்று அம்மா சொல்ல, கீழே கடல் இரைந்துகொண்டிருந்தது. படியேற அம்மாவுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள்.

அதற்கு முதல் நாள் டிசம்பர் 26. காலை 9.25க்கு சுனாமியில் இறந்தவர்களுக்காக நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். விறாந்தையில் எழுந்து நின்றோம். முடிந்த பிறகு அம்மா 2004 பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். கடல் எதுவரை வந்தது, யார் யாரைத் தேடினோம், எந்த வீட்டில் சமைத்து எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம் என்று ஒரு மணித்தியாலம். நானே கேட்டிராத பெயர்கள் அதில் இருந்தன. எங்கள் பழைய திட்டப்படி அந்த நேரம் நாங்கள் நுவரெலியா ஏறிக்கொண்டிருக்கவேண்டும்.

திரும்பும்போது நானாவின் வான்தான். எல்லாச் சீட்டிலும் பெல்ட். வீட்டிலிருந்து காலை ஆறுக்குக் கிளம்பியதால் ஹபரணையை வெளிச்சத்தில் கடந்து, இரவு விமானத்துக்கு ஆறுதலாகப் போய்ச் சேர்ந்தோம். சுற்றிப் பார்க்க அடுத்த முறை ஜூலையில் வருவதாக முடிவு. நிலாவெளி, புறாத்தீவு, யாழ்ப்பாணம் எல்லாம் அப்போது. நானாவிடம் இப்போதே ஐந்து நாள் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை எழுத்தில். டிசம்பரில் வந்தால் விமான நிலையத்துக்குப் போகவர ஒரு வான், அம்மா பார்க்க ஆசைப்படுகிற ஒருவரிடம் போய்வர ஒரு நாள், அவ்வளவுதான் பேசுவேன்.