மாதிரி விமானத்தில் எஞ்சின்: நிமிர்த்தியா, தலைகீழாகவா?

ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தில் குளோ எஞ்சினின் (தீப்பொறிக்குப் பதில், குளோ பிளக்கின் சூடான கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் சிறு எஞ்சின்) சிலிண்டர் தலையை மேல்நோக்கிப் பொருத்தினால் தேவைக்கு மிஞ்சிய எரிபொருள் குளோ பிளக்கை விட்டுக் கீழே வடிந்துவிடும். பிளக்கும், எரிபொருள் அளவைச் சீர்செய்யும் நீடில் வால்வும் எளிதில் கைக்கெட்டும். பார்வைக்குத்தான் அது குறை: மூக்கின் மேல் துருத்தி நிற்கும் சிலிண்டர், அசல் விமானத்தின் சாயலைக் கெடுத்துவிடுகிறது.

தலைகீழாகப் பொருத்தினால் மூக்கின் மேற்புறம் வழுவழுப்பாக அமைகிறது, எண்ணெய்ப் புகையும் பெரும்பாலும் உடலின் அடியிலேயே போய்விடுகிறது. ஆனால் இப்போது பிளக் மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால், எரிபொருளும் எண்ணெயும் அங்கே தேங்கி, குறைந்த வேகத்தில் எஞ்சின் அணைய இடமுண்டு. எரிபொருள் மிகுதியாகத் தேங்கிய நிலையில் மின் ஸ்டார்ட்டரை வைத்தால், திரவத்தை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகலாம்; ஆகவே பிளக்கை இணைக்கும் முன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பலர் கவனிக்கத் தவறுவது டேங்கின் உயரத்தை. அதன் நடுக்கோடு கார்புரேட்டருக்குள் எரிபொருளைத் தெளிக்கும் ஸ்ப்ரே பாருக்கு நேராகவோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும் என்பதால், எஞ்சினைக் கவிழ்க்கும்போது டேங்கையும் கீழே இறக்க வேண்டும். இல்லையேல் எரிபொருள் தானே வழிந்து எஞ்சினை நிரப்பிவிடும். திராட்டில் கம்பியும் மறுபக்கம் மாறும்.

பயிற்சி விமானத்துக்கு நிமிர்ந்த அமைப்பே என் தேர்வு. அசல் வடிவ மாதிரிக்கு, குறிப்பாக நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு, தலைகீழ் அமைப்பு அந்த உழைப்புக்குத் தகுதியானது. எரிபொருளைத் தானே இழுத்துக்கொள்ளும் டயாஃப்ரம் பம்ப் கொண்ட பெட்ரோல் எஞ்சினில் டேங்க் உயரம் பெரிய சிக்கலே அல்ல.